பக்கத்து வீட்டில் பெரிய மரத்தை வெட்டுகிறார்கள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டு வேப்ப மரம் சுற்றியிருக்கும் எல்லா மொட்டை மாடிக்கும் நிழல் தரும். அதை வெட்டப் போகிறார்கள் என்றால் எல்லா வீட்டுக்கும் கவலை வருகிறது. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் மர விவகாரம் என்று வருபவர்களிடம் பேசும் வேலை என்னுடையது. ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை, மரத்துக்காரர் முந்தின வாரமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்காது.

மரம் அவங்களோடதுதான். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்க வேணாமா?

அடிமரம் யாருடைய நிலத்தில் முளைத்து நிற்கிறதோ மரம் அவருடையது. கிளை முழுக்க உங்கள் மாடி மேல் படர்ந்திருந்தாலும் இதுதான் கணக்கு. அதனால் உங்கள் சம்மதத்தை வாங்கித்தான் வெட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

ஆனால் வெட்டும்போது உங்கள் சுவருக்கோ கூரைக்கோ ஆட்களுக்கோ சேதம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க அவருடையது. உங்கள் பேச்சுக்கு வலு இருப்பது அந்த இடத்தில்தான். ‘ஏன் வெட்டுறீங்க’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ‘எப்படி வெட்டப் போறீங்க, என்னைக்கு, யாரை வச்சு’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

மரம் எங்க இடத்துல இருக்கா, அவங்க இடத்துல இருக்கான்னே தெரியல சார். காம்பவுண்ட் சுவர் மரத்தைச் சுத்தி வளைஞ்சு போகுது.

பழைய தெருக்களில் இது சாதாரணம். மரத்துக்கு இடம் விட்டுச் சுவர் கட்டியிருப்பார்கள்; அப்புறம் அந்தச் சுவரையே எல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சுவர் வேறு, எல்லை வேறு. பத்திரத்தில் இருக்கும் நான்கு பக்க அளவையும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் முதலில் பாருங்கள். அந்த நகலைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். அதிலும் தெளிவில்லை என்றால், தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து அளந்துவிடுவது நல்லது. இரண்டு வீட்டாரும் நின்று பார்க்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.

அடிமரம் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நின்றால் அது இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவு செய்து வெட்ட முடியாது. இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அரிவாளை எடுக்க வேண்டும்.

சொந்த இடத்து மரத்தை வெட்ட கார்ப்பரேஷன்ல பர்மிஷன் வேணுமா?

டெல்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் என்று மரங்களைக் காக்கவே தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1955இல் வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப் பகுதிகளுக்கு மட்டும். சென்னைத் தெருவில் இருக்கும் பட்டா நிலத்துக்கு அது பொருந்தாது. இதை வைத்து ‘என் மரம், என் இஷ்டம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் மண்டல அலுவலகத்தில் (திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் இவற்றில் எது உங்களுடையதோ அது) மரத்தின் போட்டோவோடு ஒரு மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு வெட்டுவதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வாங்கியிருக்கிறாரா என்று நீங்களும் கேட்கலாம்.

மரம் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில் நின்றால் பேச்சே வேறு. அது பொது மரம். அவரே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் அவருக்குச் சொந்தமில்லை. பொது இடத்து மரத்தை வெட்ட அரசின் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் யாராவது கை வைத்தால் உடனே மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். சந்தன மரமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் தொடக்கூடாது.

எங்க மாடி மேல நீட்டிக்கிட்டு இருக்கிற கிளையை நாங்களே வெட்டிக்கலாமா? அதுல காய்க்கிற மாங்காய் யாருக்கு?

உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை, எல்லைக் கோடு வரை, உங்கள் இடத்தில் நின்றபடியே வெட்டிக்கொள்ளலாம். எத்தனை வருஷம் நீட்டிக்கொண்டு இருந்தாலும் அப்படி நீட்டி வைக்கும் உரிமை மரத்துக்காரருக்கு வந்துவிடாது. ஆனால் அவர் இடத்துக்குள் ஏறி வெட்டக்கூடாது. வெட்டிய கட்டையும், அந்தக் கிளையில் காய்த்த மாங்காயும் அவருடையவை. நம் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஒரு பை மாங்காய் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் சட்டம் சொல்வது இது.

தொடையளவு கிளையானால் முதலில் அவருக்கும் கார்ப்பரேஷனுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே பக்கத்துக் கிளைகளை எல்லாம் மொத்தமாக வெட்டினால் மரத்தின் பாரம் மறுபக்கம் போய்விடும். அது சாய்ந்தால் உங்கள் மேலும் பழி வரும்.

நிழலே போயிடும் அண்ணா. இத்தனை வருஷமா அந்த மரத்துக் காத்துலதான் இருந்தோம். அதுக்கு எங்களுக்கு உரிமை இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் இடையூறில்லாமல் 20 ஆண்டுகள் அனுபவித்தால் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் (ஈஸ்மென்ட்) சட்டப்படி உரிமை வரும். பிறருடைய மரத்து நிழலுக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது.

நிழல் போனால் மொட்டை மாடித் தளமும் மேற்குச் சுவரும் நேராக வெயில் வாங்கும். சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது ஓரளவு உதவும். உங்கள் பக்கம் மண் தரை கொஞ்சம் இருந்தால் இப்போதே ஒரு புங்கன் கன்று வையுங்கள். வேகமாக வளரும், நிழலும் அடர்த்தி. சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

முழுசா வெட்டாம கவாத்து மட்டும் பண்ணா போதாதா? பேசிப் பார்க்கலாமா?

கட்டாயம் பேசிப் பாருங்கள். வெட்டுகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கவனித்தால் பாதிக்கு மேல் கவாத்திலேயே தீர்ந்துவிடுபவை: இலை கொட்டுகிறது, கிளை கரண்ட் கம்பியில் உரசுகிறது, கம்பளிப்பூச்சி வருகிறது, புயலில் விழுமோ என்ற பயம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அன்று பார்த்ததை யாரும் மறக்கவில்லை; மழைக்காலம் நெருங்கினாலே ‘வெட்டிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் காற்று புகுந்து வெளியேற வழி விட்டு உள்கிளைகளை மெலிதாக்கினாலே மரத்தின் மேல் விழும் காற்றின் அழுத்தம் நன்றாகக் குறையும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

கவாத்து என்ற பெயரில் உச்சியை மொட்டையடிப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர் வரும். அந்தக் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது, அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உள்ளே அழுகவும் ஆரம்பிக்கும். குல்மொஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் எளிதில் முறிபவை. வேம்பு, புங்கன், பூவரசு அவற்றைவிடத் தாங்கும். எந்த மரம் என்பதைப் பார்த்துப் பேசுங்கள்.

சரி, வெட்டியே தீருவாங்கன்னு ஆயிடுச்சு. எங்க வீட்டு மேல விழாம இருக்க என்ன பண்ணணும்?

இங்கேதான் நீங்கள் முழு அக்கறை காட்ட வேண்டும். நம் சந்துகளில் கிரேன் நுழையாது. அடியில் வெட்டி ஒரு பக்கமாகச் சாய்ப்பதற்கு வெறும் இடமும் கிடையாது. அதனால் மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கயிறு கட்டி இறக்குவது ஒன்றுதான் வழி. ‘அடியில ஒரு வெட்டு, கயிறு கட்டி இழுத்தா அந்தப் பக்கம் போயிடும்’ என்று சொல்லும் ஆளை வேலைக்கு விட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பெரிய மரம் கயிறு இழுக்கிற பக்கம்தான் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மரத்தைச் சுற்றி என்னென்ன போகிறது என்று ஒரு தடவை இரண்டு வீட்டாரும் சேர்ந்து நடந்து பாருங்கள்: கரண்ட் லைன், கேபிள் ஒயர், மாடித் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பைக் நிறுத்தும் இடம். கம்பி பக்கத்தில் இருந்தால் முதல் நாளே ஈபி ஆபீசில் எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பல தெருக்களில் மேலே கம்பி இருக்காது, மண்ணுக்குள் கேபிள் போகும். வேர் தோண்டும்போது அதுதான் ஆபத்து. அன்று காலை உங்கள் பக்கத்து மாடியைக் காலி செய்து, துணிக்கொடியை அவிழ்த்து, குழந்தைகளை வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். ஓட்டு வீட்டில் தங்கியிருக்கும் வயதானவர்களையும் அப்படியே.

மரம் ஏறுபவருக்கு இடுப்பில் பெல்ட்டும் தலையில் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அது அவங்க பிரச்சினை’ என்று விட்டுவிட முடியாது. ஒரு நாள் கூலிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் அவர். மழை தூறினாலும் பலத்த காற்று அடித்தாலும் அன்று வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கும் வாய் இருக்கிறது.

வேரோட தோண்டி எடுக்கணும்னு சொல்றாங்க. அது நல்லதா?

சுவரை ஒட்டிய மரத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜேசிபி வைத்துத் தூரைப் பிடுங்கினால் பல சமயம் அதோடு காம்பவுண்ட் சுவரின் அஸ்திவாரமும் வந்துவிடும். பக்கவாட்டு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே, கிளைப் பரப்பையும் தாண்டிப் போகும். அதாவது, பாதி வேர் உங்கள் தரைக்குக் கீழே இருக்கலாம். அதையெல்லாம் இழுத்தால் டைல்ஸ் தரை, சம்ப், மெட்ரோ வாட்டர் குழாய் எல்லாம் ஆட்டம் காணும்.

தரை மட்டத்துக்கு வெட்டி மண் போட்டு மூடிவிட்டால் போதும். பூவரசும் வேம்பும் அரசும் திரும்பத் துளிர்க்கும், துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஓய்ந்துவிடும். தென்னை துளிர்க்காது. அழுகும் தூருக்குக் கரையான் வரும் என்பதால் உங்கள் கதவு நிலை, மரப் பீரோ இவற்றை மட்டும் அவ்வப்போது தட்டிப் பாருங்கள்.

மரம் போன அப்புறம் எங்க சுவர் விரிசல் விடும்னு மேஸ்திரி பயமுறுத்துறாரு. உண்மையா?

மண்ணைப் பொறுத்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கடலோரம் பெரும்பாலும் மணல். மணல் ஈரத்தால் பெரிதாக உப்பவோ சுருங்கவோ செய்யாது, அதனால் அங்கே கவலை குறைவு. கொளத்தூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி ஏரியும் தாழ்வான நிலமுமாக இருந்த இடங்களில் களிமண் அதிகம். பெரிய மரம் தினமும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அந்தக் களிமண்ணைச் சுருக்கியே வைத்திருக்கும். மரம் போனதும் ஈரம் தங்கி, மண் மெதுவாக உப்பும். இது ஒரே மழையில் நடக்காது, சில வருஷம்கூட ஆகும். அப்புறம் மண்ணுக்குள் வேர் அழுகி வெற்றிடம் விழுந்தால் காம்பவுண்ட் சுவர் அந்த இடத்தில் இறங்கவும் வாய்ப்பு உண்டு.

தூண் போட்டுக் கட்டிய புது வீட்டுக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆழமில்லாத அஸ்திவாரத்தில் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால், மரம் பெரியது, சுவருக்கு மிக அருகில் இருக்கிறது என்றால், வெட்டுவதற்கு முன்பே ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

விரிசல் வந்துடுச்சு. மரத்தை வெட்டினதாலதான்னு எப்படி நிரூபிக்கிறது?

முன்னால் விரிசல் இல்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான். அதனால் மரத்தில் கை வைப்பதற்கு முன்பே உங்கள் சுவர்கள், தரை, மாடி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலை மறைக்காதீர்கள். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீண்டால் உடனே தெரியும். இது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. பழைய விரிசலுக்கு அவர் மேல் பழி போடவும் முடியாது.

மரத்துல கிளிக் கூடு இருக்கு, ஆந்தையும் வருது. அதை வச்சு நிறுத்த முடியுமா?

நிரந்தரமாக நிறுத்த முடியாது, தள்ளிப்போட வைக்கலாம். கிளியும் ஆந்தையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற கணக்கிலேயே சேரும். குஞ்சு பறக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டு மறுப்பவர்கள் குறைவு.

மரத்தடியில அம்மன் வச்சுக் கும்பிடுறோம். அதுல கை வைக்கலாமா?

மஞ்சள் துணி கட்டி, ஆடி மாதம் கூழ் ஊற்றும் வேம்பு அது என்றால் தெருவே அதைத் தன் மரமாகத்தான் நினைக்கும். ஆனால் நிலம் யாருடையது என்பதை வைத்தே முடிவு வரும். மேலே எல்லையைப் பற்றியும் தெரு மரத்தைப் பற்றியும் சொன்னதுதான் இங்கேயும். இதில் பெரியவர்களையும் பூசாரியையும் உட்கார வைத்துப் பேசுவது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைவிட நல்லது. உத்தரவு கேட்டு, பூஜை போட்டு, கல்லை வேறு இடத்தில் வைத்த பிறகு மரத்தை எடுத்த தெருக்கள் நம் பக்கம் உண்டு. கிளையை மட்டும் கழித்து அடிமரத்தை அப்படியே விட்டுவிடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எங்க கதை தலைகீழ் சார். பட்டுப்போன மரம், எங்க பக்கம் சாயுது. அவங்க வெட்டவே மாட்டேங்குறாங்க.

அடியில் காளான், பட்டை உரிதல், பொந்து, வேர்ப் பக்கம் மண் புதிதாக வெடித்துத் தூக்குதல் இவை எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் அன்றே நடவடிக்கை எடுங்கள். 1913க்குச் சொல்லி, மண்டல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். விழக்கூடிய மரத்தை முட்டுக் கொடுக்கவோ கழிக்கவோ வெட்டவோ சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு.

அதுவும் நகரவில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இருக்கிறது (2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133). விழும் நிலையில் இருக்கும் மரத்தை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) அதன்படி உத்தரவு போடலாம்.

அது மழையில விழுந்து எங்க வீடு இடிஞ்சா காசு யார் தருவாங்க?

நல்ல மரம் புயலில் விழுந்தால் மரத்துக்காரரிடம் நஷ்டஈடு வாங்குவது கஷ்டம். இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிடுவார். பட்டுப்போன மரம் என்று நீங்கள் ஏற்கெனவே எழுத்தில் சொல்லி, அவர் அசையாமல் இருந்திருந்தால் அது கவனக்குறைவு. உங்கள் பக்கம் வலுவாகிவிடும். மேலே எழுத்தில் கொடுங்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

காப்பீட்டையும் பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனங்களும் தர வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் புயலும் மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் மரம் விழுந்த சேதத்துக்கு ஒன்றும் வராது.

வேருக்கு ஆசிட் ஊத்திட்டா தானா பட்டுடும்னு சொல்றாங்களே?

செய்யாதீர்கள். பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 324ஆம் பிரிவில் வரும் குற்றம். தவிர, பட்டுப்போன மரம் உயிருள்ள மரத்தைவிட ஆபத்தானது. எந்தக் காற்றும் இல்லாமல் கிளை முறியும், அது விழுவது உங்கள் மாடியில். ஏறி வெட்டவும் ஆள் வரத் தயங்குவார்கள். ஊற்றிய ஆசிட் உங்கள் போர் தண்ணீருக்கும் போகும்.

நாங்க வாடகைக்கு இருக்கோம். பக்கத்துல இருக்கிறது ஃபிளாட். யார்கிட்ட பேசுறது?

ஆபத்து என்று 1913இல் புகார் கொடுக்க வாடகைக்காரருக்கும் உரிமை உண்டு. எல்லை, நஷ்டஈடு என்று வந்தால் உங்கள் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். அடுக்குமாடியின் பொது இடத்து மரம் எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பொது. தரைத்தளத்தில் இருப்பவர் தானாக வெட்ட முடியாது, சங்கத்தின் தீர்மானத்தைக் கேளுங்கள்.

நாளைக்குக் காலையிலேயே ஆள் வருது. ஸ்டே வாங்க முடியுமா?

தெரு மரமானால் இரவே 1913, காலையில் கவுன்சிலர், ஆட்கள் வந்துவிட்டால் போலீஸ் அவசர எண் 112. அவர் நிலத்து மரமென்றால், நிழல் போகும் என்ற காரணத்துக்கு நீதிமன்றம் தடை தராது. எல்லைத் தகராறு இருந்தால், மரம் பொது மரமென்று காட்ட முடிந்தால், அல்லது வெட்டும் முறையால் உங்கள் வீட்டுக்கு ஆபத்து என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால், சிட்டி சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100க்குப் பேசுங்கள்.

அந்த வீட்டோட எங்களுக்குப் பேச்சே கிடையாது. எழுதிக் கொடுத்தா சண்டைக்கு வர்றோம்னு நினைப்பாங்க. என்ன எழுதுறது?

‘தங்கள் வீட்டு மரத்தை வெட்டவிருப்பதாக அறிந்தோம். அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் சுவரும் கூரையும் அருகில் இருப்பதால், கிளைகளைக் கயிறு கட்டி இறக்கும்படியும், வேலை நடக்கும் தேதியை இரண்டு நாள் முன்பு தெரிவிக்கும்படியும், தூரைப் பிடுங்காமல் விடும்படியும் கேட்டுக்கொள்கிறோம். சேதம் ஏற்பட்டால் இருவரும் சேர்ந்து பார்த்துச் சரிசெய்துகொள்வோம்.’ இவ்வளவு போதும். இதில் சட்டப் பிரிவு எதையும் எழுதாதீர்கள்.

மரம் போகக்கூடாது என்பதுதான் உங்கள் எண்ணமென்றால் இரண்டாவது வரியை எடுத்துவிட்டு, ‘கவாத்தில் தீருமா என்று ஒருமுறை சேர்ந்து பார்க்கலாமா’ என்று சேருங்கள். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் போட்டோக்களோடு சேர்த்து வையுங்கள்.